ஏழு கடைகளின் ஒரே பதில்

நாம் வாழ்வது வளர்ந்துவரும் பொருளாதாரம் ஒன்றில் என்பதை எழுபத்தெட்டாவது வயதில் எனக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளைதான் அறிவித்தாள். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில், எனக்கு முன்னால் இருந்த சிலிண்டர்களை எண்ணிப் பொழுதைக் கழித்தவன் நான். ஒருநாள் நூற்று நாற்பத்திரண்டு இருந்தன. மறுநாள் நூற்றெழுபது. வளர்ந்துவருவது அந்த வரிசை ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பிள்ளை தன் நாட்டில் வணிக முகாமைத்துவம் படிப்பவள். வயது இருபத்தொன்று. எங்களுடையதைப் போன்ற நாடுகளில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துப் படிப்பதற்காக அவளுடைய பல்கலைக்கழகம் பதினான்கு மாணவர்களை ஆறு வாரங்களுக்குக் கொழும்புக்கு அனுப்பியிருந்தது. பதினான்கு பேரையும் பதினான்கு வீடுகளில் தங்கவைத்தார்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறை, எங்கள் பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு வெறுமையாகக் கிடந்ததால் ஒருத்தி எங்களுக்கு வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை, நுளம்புக்குப் பூசும் மருந்து ஐந்து போத்தல். ஆறு வாரத்துக்கு ஐந்து போத்தல் போதுமா என்று அன்றிரவே எனக்குக் கவலை தொடங்கிவிட்டது.

எண்ணுவது என் தொழிலாக இருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள், கப்பலில் ஏறுகிற, இறங்குகிற பெட்டிகளையும் மூட்டைகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளும் கிளாக்காக இருந்தேன். ஓய்வு பெற்றபோது வேலை நின்றது, எண்ணுவது நிற்கவில்லை. படிக்கட்டு, தூண், பஸ்ஸில் நிற்பவர்கள், கோயிலில் தேங்காய் உடைப்பவர்கள், எல்லாவற்றையும் எண்ணிவிடுவேன். ஒரு வருடம் எங்கள் வளவு மாமரத்தில் எண்பத்தாறு காய் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த வாரம் அடித்த காற்றில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. என் மனைவி இன்றுவரை அதற்குக் காற்றைக் குறை சொன்னதில்லை.

இரண்டாவது வாரம் காலைச் சாப்பாட்டின்போது அந்தப் பிள்ளை புட்டைக் கரண்டியால் அள்ளியபடி ஒரு உதவி கேட்டாள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தெருவும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒதுக்கியிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தெரு. அவளுடைய மொழிபெயர்ப்பாளருக்கு டெங்கு வந்துவிட்டது. நான் வர முடியுமா என்று கேட்டாள்.

துறைமுகத்தில் வேலை செய்தவனுக்கு மூன்று மொழியும் கைவசம் இருக்கும். அந்தத் தெருவும் எனக்குத் தெரிந்த தெருதான். வேலைக்குப் போன காலத்தில் மத்தியானம் நடந்துபோய்ச் சாமான் வாங்கிய இடம். ஓய்வுக்குப் பிறகும் மாதம் ஒருமுறை அங்கேதான் போவேன். ஆனாலும் இரத்த அழுத்த மாத்திரை, வெயில், பஸ்ஸில் இருக்கை கிடைக்குமா என்பது, இப்படி நாலைந்து யோசனைகளைச் சொன்னேன்.

மனைவி குசினியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"போங்கோ. வீட்டில என்ர தேங்காயை எண்ணிக்கொண்டிருக்கிறதுக்கு ஊரான் வீட்டுத் தேங்காயைப் போய் எண்ணுங்கோ. எனக்கும் ஒரு ஆறுதல்."

பிள்ளை அவளுடைய ஆசிரியர் கொடுத்த தாளை எனக்குக் காட்டினாள். மொழிபெயர்ப்பாளருக்கான விதிகள் ஆறு. மூன்றாவது விதி: 'அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.' எனக்கென்றே எழுதியது போல இருந்தது. பெட்டியில் இருந்ததைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல்தான் முப்பத்துநான்கு ஆண்டுகளை ஓட்டியவன். சம்மதித்தேன்.

தாளின் அடியில் இன்னொன்றும் இருந்தது. வாசனைத் திரவியங்களும் கறித்தூளும் விற்கும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இந்தப் படிப்புக்குச் செலவு செய்கிறது. மாணவர்கள் ஆராய்ந்த கடைகளில் ஒன்றுக்கு, கடைசி நாளில், முதல் ஓடர் ஒன்றை அந்தக் கம்பனி கொடுக்கும். இதை வாசித்ததும் எனக்கு ஒருவருடைய நினைவுதான் வந்தது.

அந்தத் தெருவில் மிளகாய்த்தூள் மில் வைத்திருக்கும் பெண். வயது அறுபது இருக்கும். புருசன் துறைமுகத்தில் கிரேன் வேலை பார்த்தவர், இறந்துவிட்டார். அவருக்குப் பிறகு மில்லை இவர்தான் நடத்துகிறார். எங்கள் வீட்டுத் தூள் இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கேதான் அரைபடுகிறது. அந்த ஆண்டு அவருக்கு ஒரு பெரிய இடி விழுந்திருந்தது. மில் இருந்த கட்டடத்தை இடித்து மாடிவீடுகள் கட்டப்போகிறார்கள். டிசம்பருக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஹெந்தளையில் ஒரு இடம் பார்த்திருந்தார். அதற்குக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில், நிரந்தரமாகச் சரக்கு எடுக்கும் கம்பனி ஒன்றின் கடிதத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடிதம் இல்லையென்றால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் மில் இல்லை.

ஓடர் விஷயத்தை நானே தொலைபேசியில் சொன்னேன்.

"அந்தக் கடுதாசி மட்டும் கெடைச்சா போதும் அண்ணே," என்றார். "மாதாவுக்கு நூறு மெழுகுதிரி கொளுத்துவேன்."

நாங்கள் போன அன்று மில்லைக் கழுவி வைத்திருந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நாலு கிண்ணத்தில் நாலு விதமான தூள். வறுத்தது, வறுக்காதது, மீனுக்கு, இறைச்சிக்கு. இடியப்பமும் அந்தத் தூளில் வைத்த குழம்பும். வாசல் நிலையில் மாதா படம், அதற்குக் கீழே கம்பியில் கோத்த ஒரு தேசிக்காயும் ஏழு பச்சைமிளகாயும். பிள்ளை அதைப் படம் எடுத்தாள். குழம்பை இரண்டு முறை கேட்டுச் சாப்பிட்டாள். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓட, மிக நன்றாக இருக்கிறது என்றாள். மில்காரப் பெண்ணுக்கு அதை நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

பிறகு அவளுடைய தாளில் இருந்த பன்னிரண்டு கேள்விகள் தொடங்கின.

"உங்கள் வியாபாரம் எப்படிப் போகிறது?"

"என்னாத்த அண்ணே, ஏதோ ஓடுது," என்றார். அப்படியே சொன்னேன்.

"சென்ற ஆண்டோடு பார்த்தால்?"

"எங்க. எல்லாம் கொறைஞ்சு போச்சு. வெலவாசி இப்பிடி ஏறினா சனம் எங்க வாங்கும்?"

அவர் இதைச் சொன்னபோது அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வாசலில் நின்ற ஓட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணினேன். பதினெட்டு பெட்டி. பிள்ளையும் திரும்பிப் பார்த்து, அவை எங்கே போகின்றன என்று கேட்டாள்.

"அது சும்மா, தெரிஞ்சவங்களுக்கு."

அதையும் அப்படியே சொன்னேன். பிள்ளை எழுதினாள்.

"எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?"

"நாங்க ரெண்டு மூணு பேருதான் அண்ணே."

"அடுத்த ஐந்து ஆண்டில் என்ன செய்ய நினைக்கிறீர்கள்?"

அவர் சிரித்துவிட்டார். "அஞ்சு வருசமா? நாளைக்கு இருப்பமோ தெரியாது. ஆண்டவர் விட்ட வழி."

பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு பதில். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. வெளியே வந்தபோது எனக்கு வேலை முடித்த திருப்தி இருந்தது.

மற்ற ஆறு கடைகளும் அப்படியே நடந்தன. துணிக்கடை முஸ்லிம் பெரியவர், வயதில் என்னைவிடப் பத்து இளையவர், கைகளை விரித்தார். "என்னத்தச் சொல்ற ஐயா, யாவாரம் படுத்துட்டு." இரும்புச் சாமான் கடைச் சிங்களவர் "ஒஹே யனவா மஹத்தயா" என்றார். எங்கள் ஆட்கள் சொல்லும் 'ஏதோ ஓடுது'வையே அவர் சிங்களத்தில் சொன்னார். தேவாலயத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி விற்பவர், இந்தக் காலத்தில் யார் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள் என்று கேட்டார். அவர் கேட்டபோது கடையில் ஒன்பது பேர் நின்றார்கள். பேக்கரிக்காரரும் தையல்காரரும் பாத்திரக்கடைக்காரரும் ஆளுக்கொரு பெருமூச்சு விட்டார்கள்.

அது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. வியாபாரம் எப்படி என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? நன்றாகப் போகிறது என்று வாசலில் நின்று சொல்கிற மனிதரை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. என்னிடம் யாராவது சுகமா என்று கேட்டால் நானும் "ஏதோ இருக்கிறன்" என்றுதான் சொல்வேன். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் கண் பட்டுவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் சொல்ல மாட்டேன். வணக்கம் சொல்வது போல அது வாயில் வருகிற ஒன்று. வணக்கத்தை யாரும் விளக்கிக் கொண்டிருப்பதில்லை. நானும் விளக்கவில்லை.

அன்றிரவு பிள்ளை குறிப்புகளைப் பரப்பிவைத்துக்கொண்டு வாடிய முகத்தோடு இருந்தாள்.

"ஏழு கடையும் சரிந்துகொண்டு போகின்றன, அங்கிள்," என்றாள்.

"ஓம்," என்றேன். "ஏழுக்கு ஏழு."

கணக்குச் சரியாக வந்ததில் எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கடைசி நாள் கூட்டம் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடியில் நடந்தது. பதினான்கு மாணவர்களும் ஆளுக்குப் பத்து நிமிடம் தங்கள் தெருவைப் பற்றித் திரையில் காட்டிப் பேச வேண்டும். கடைக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வந்தது மில்காரப் பெண் ஒருவர்தான். கத்தரிப்பூ நிறத்தில் புதுச் சேலை. மடியில் ஒரு பை. அதற்குள் கம்பனிக்காரருக்குக் கொடுப்பதற்காக நாலு விதத் தூளும் அழகாகக் கட்டிய பொட்டலங்களாக இருந்தன. ஏசி குளிரில் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மண்டபத்தில் எழுபத்திரண்டு நாற்காலிகள்.

முதலில் தெமட்டகொடைப் பக்கத்துத் தெரு ஒன்று. திரையில் பச்சை அம்பு மேலே, சிவப்பு அம்பு கீழே. சில கடைகள் ஏறுகின்றன, சில இறங்குகின்றன. அடுத்த தெருவும் அப்படித்தான். ஐந்தாவதாக எங்கள் பிள்ளை எழுந்தாள்.

ஏழு சிவப்பு அம்பு. ஏழும் கீழே.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கம்பனிக்காரர், மெலிந்த மனிதர், பேனாவை எடுத்து எதையோ வெட்டினார். அடுத்து மில்லின் படம் வந்தது. வாசல், மாதா, தேசிக்காய். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஐந்து வரி.

மில்காரப் பெண் தன் வாசலைத் திரையில் கண்டு மகிழ்ந்துபோனார். என் கையைத் தட்டினார்.

"என்னா எழுதியிருக்கு அண்ணே? வாசிங்க."

நான் வாசித்தேன். மனதுக்குள் வாசித்து முடித்த பிறகுதான் அது தமிழில் என்னவாக இருக்கும் என்பது எனக்கு உறைத்தது. அவர் மறுபடியும் கையைத் தட்டினார். மூன்றாவது விதியைத் தவிர வேறு எதுவும் என் தலையில் வரவில்லை. அப்படியே சொன்னேன்.

"வியாபாரம் சுருங்கிக்கொண்டு போகுது. வேலை செய்யிறவர்கள் ரெண்டு மூன்று பேர். எதிர்காலத் திட்டம் ஒன்றும் இல்லை. நடத்துறவருக்கே நம்பிக்கை இல்லை. ஓடர் குடுக்க ஏற்றதில்லை."

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"நீங்கள்தான் தங்கச்சி சொன்னனீங்கள்."

"நானா?"

"ஓம். நான் சொல்லுக்குச் சொல்லுத்தான் இங்கிலீசில மாத்திச் சொன்னனான்."

"அது சொல்றதுதானே அண்ணே," என்றார். குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. "எல்லாரும் சொல்றதுதானே. மில்லைக் காட்டினேன், தூளைக் காட்டினேன், சாப்பாடு போட்டேன். பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதா? அதை வேற நான் வாயால சொல்லணுமா?"

ஓட்டோவில் ஏறிய பதினெட்டுப் பெட்டி என் கண்முன்னே வந்து நின்றது. எண்ணினேன். எண்ணியதை ஏன் சொல்லவில்லை? கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் அப்படித்தான் வேலை செய்தேன். யாருக்கும் நட்டம் வந்ததில்லை.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நாற்காலியில் ஒரு தூள் பொட்டலம் விழுந்து கிடந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பும்போது ஓட்டோவில் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்றும், எதைச் சொல்ல மாட்டோம் என்றும், கண்ணூறு என்றால் என்ன என்றும். காலி வீதியில் வாகனம் நகரவில்லை. அவளுடைய முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"ஏன் அங்கிள் இதை அப்போதே எனக்குச் சொல்லவில்லை?"

"சொன்னதைச் சொல்லத்தானே சொன்னீர்கள்."

அவள் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு ஒன்றைக் கேட்டாள். மற்றத் தெருக்காரர்களும் இதே ஊர் ஆட்கள்தானே? அங்கே பாதிப் பேராவது நன்றாகப் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நம்முடைய தெருவில் மட்டும் ஏன் ஏழுக்கு ஏழு?

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் உள்ளவர்கள் கொஞ்சம் பயந்த சுபாவம் என்று ஏதோ சொன்னேன்.

அவள் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தாள். கம்பனிக்காரர் மறுநாள் மாலை விமானம் ஏறுகிறார். மத்தியானத்துக்குள் மில்காரர் தன் வாயால் சரியான விபரம் சொல்லி அது எழுத்தில் வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். அன்றிரவு நான் தூங்கவில்லை. மனைவி மட்டும் ஒருமுறை புரண்டு படுத்து, "நீங்கள் எண்ணினால் மாங்காய்தான் விழும் எண்டு நினைச்சன்," என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டோவில் போய் மில் வாசலில் இறங்கினோம். மில்காரப் பெண் "வாங்க" என்றார், "இருங்க" என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே விளக்கினேன். இன்னும் நேரம் இருக்கிறது, மத்தியானத்துக்குள் உண்மையைச் சொன்னால் போதும், எத்தனை பேர் வேலை, மாதம் எவ்வளவு அரைபடுகிறது, எங்கெங்கே போகிறது, இவ்வளவுதான்.

அவர் தேசிக்காயைப் பார்த்தார். வேலை செய்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்றேன் அண்ணே. நீங்க வெளிய நில்லுங்க."

"நான் இல்லாட்டி ஆர் இங்கிலீசில சொல்லுறது?"

மூலையில் மல்லி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலை நிமிர்த்தாமலே சொன்னாள். "நான் சொல்றேன். குவைத்துல ஒம்பது வருசம் இருந்தேன். மேடத்தோட இங்கிலீசுதான்."

நான் மாதாமாதம் அவளைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலம் தெரியுமென்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

"அது சரி," என்றேன். "ஆனால் நான் ஏன் வெளிய நிக்க வேணும்?"

மில்காரப் பெண் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. இந்த ரோட்டுல உங்களுக்கு ஒரு பேரு இருக்கு. எண்ணுற ஐயா. நீங்க பஸ்ஸுல இருந்து எறங்கினா மொத ஆளா மெழுகுதிரிக் கடையில கண்டுருவாங்க. அங்க இருந்து சொல்லி அனுப்புவாங்க. துணிக்கடைப் பெரியவரு முன்னுக்கு இருக்கிற துணிக்கட்டுல பாதியை உள்ளுக்கு எடுத்து வெப்பாரு. பேக்கரியில தட்டை எறக்கி வெப்பாங்க. நான் பெட்டியெல்லாம் பின்னுக்குத் தள்ளிருவேன். அன்னிக்கு ஓட்டோக்காரன் நேரம் பிந்தி வந்துட்டான், அதான் கண்டுட்டீங்க." தலைப்பை இடுப்பில் செருகினார். "அந்தப் புள்ள கேட்டதுக்கு நான் பயப்படல அண்ணே. உங்க கண்ணுக்குத்தான் பயந்தேன்."

குவைத்துக்குப் போய்வந்த பெண் சுளகை நிறுத்திவிட்டாள். நான் வெளியே வந்தேன்.

நடைபாதை ஓரம் நின்றேன். என்னைத் துரத்தியதை விட இன்னொன்றுதான் என்னை அடித்துப் போட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தத் தெருவைப் பார்த்து நான் கவலைப்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் துணிக்கடையில் பாதித் தட்டு வெறுமையாக இருக்கும். பேக்கரியில் பதினைந்து பணிஸுக்கு மேல் கண்டதில்லை. பாவம், தெருவே நொடிந்துபோகிறது என்று வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கும் சொல்லியிருக்கிறேன், இந்த நாட்டில் இனி வியாபாரம் சரிவராது, ஒரு சதமும் போடாதே என்று. நான் எண்ணிய எண்ணிக்கைகள் அத்தனையும் சரி. என்னைக் கண்டு ஒளித்துவைத்தது போக மிச்சம் இருந்ததைத்தான் அத்தனை காலமும் சரியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே மில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. பேச்சுச் சத்தம் தெருவுக்குக் கேட்காதிருக்க அதைப் போட்டிருப்பார்கள்.

எதிர்ப்புறம் துணிக்கடைப் பெரியவர் என்னைக் கண்டார். இந்த முறை அவருக்கு யாரும் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. கடை இரண்டு பக்கமும் கூரைவரை நிறைந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கழுத்து வலிக்கும்வரை மில் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு பிளேன்டீயோடு தெருவைக் கடந்து வந்தார்.

"குடிங்க ஐயா. வெயில்ல நிக்கிறீங்க."

"உங்கட கடையை நான் பார்க்கேல்லை," என்றேன்.

"தெரியும். மறுபக்கம் திரும்பி நிக்கிற மனுசனைக் கண்டுதானே தேத்தண்ணி கொண்டுவந்த."

குடித்தேன். இனிப்பு அதிகம். எனக்குச் சீனி கூடாது, ஆனால் அதைச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

"எல்லாருக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"என்னது?"

"எண்ணுற ஐயா எண்டு."

அவர் தாடியைத் தடவினார். "இந்த ரோடு மட்டுமில்ல, ஜிந்துப்பிட்டி வரைக்கும் தெரியும்," என்றார். பிறகு, அது கொஞ்சம் கடுமையாகிவிட்டதென்று நினைத்தாரோ என்னவோ, "ஆனா நல்ல மனுசன் எண்டும் சொல்லுவாங்க. மத்தவங்களுக்குச் சொல்லமாட்டாரு, மனசுலதான் எண்ணுவாரு எண்டு," என்றார்.

பிள்ளை வெளியே வந்தபோது மணி ஒன்பதே முக்கால். அவளுடைய முகத்தைப் பார்த்தால் அவளும் அடிபட்டவள் போலத்தான் இருந்தாள். ஆனால் அது வேறு விதமான அடி. கண்கள் விரிந்திருந்தன. குறிப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார், அங்கிள்."

"ரெண்டு மூன்று பேர் இல்லைத்தானே?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

பதினொன்றரைக்கு ஹோட்டலில் கம்பனிக்காரரைப் பிடித்தோம். பிள்ளை மட்டும் உள்ளே போனாள். என்னையும் வரச் சொன்னாள், நானாகவே வெளியே நின்றேன். முதல்நாள் நாற்காலியில் விழுந்து கிடந்த தூள் பொட்டலத்தை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் போய்ப் பத்து நாட்களுக்குப் பிறகு கடிதம் வந்தது. பெரிய ஓடர் இல்லை, முதல் தடவை பார்ப்பதற்கு ஒரு சிறிய ஓடர்தான். ஆனாலும் கம்பனியின் தலைப்போடு, கையெழுத்தோடு வந்த கடிதம். வங்கிக்கு அது போதுமாக இருந்தது. மில்காரப் பெண் அதை எனக்குத் தொலைபேசியில் சொன்னார். எத்தனை பெட்டி என்று அவர் சொல்லவில்லை.

பிள்ளை போகும்போது அவளிடம் ஒன்றரைப் போத்தல் நுளம்பு மருந்து மிச்சம் இருந்தது. அதை எங்களிடம் விட்டுப்போனாள். பின்னர் தன்னுடைய அறிக்கையை அனுப்பினாள். அதில் ஒரு பகுதி முழுவதும் எங்கள் தெருவைப் பற்றியது. வளர்ந்துவரும் பொருளாதாரத்தில் கேள்வி கேட்பவர், கேட்கிற கேள்வியை விட, அந்தக் கேள்வியை யார் வாயால் கேட்கிறார் என்பதில் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். என்னைப் பற்றி 'உள்ளூரில் நன்கு அறியப்பட்ட ஒருவர்' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தாள். அந்த வசனத்தை நான் நாலு முறை வாசித்தேன். மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை.

நவம்பரில் சரக்கு கப்பலேறுகிற நாள் வந்தது. துறைமுகத்துக்கு லொறி வியாழக்கிழமை காலை போகும் என்று கேள்விப்பட்டேன். எந்தக் கதவால் போக வேண்டும், எந்தத் தாளை முதலில் நீட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். புதன்கிழமையே சேர்ட்டை மினுக்கி வைத்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் திருப்பி வைத்தாள்.

இரவு மில்காரப் பெண்ணே அழைத்தார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க வந்து நிக்கணும்னு எனக்கு ஆசைதான். உங்களாலதானே கடுதாசி வந்துச்சு."

"ஓம் தங்கச்சி."

"ஆனா பொம்பளைங்க பயப்படுறாங்க."

"விளங்குது," என்றேன். "நான் வரேல்லை. நீங்கள் பயப்படாமல் ஏத்துங்கோ."

வியாழக்கிழமை காலை வெள்ளவத்தைக் கடற்கரைக்கு நடந்து போனேன். வழக்கமாகத் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை எண்ணிவிட்டுத்தான் திரும்புவேன். அன்று ரயில் பாதைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ரயில் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், பெட்டிகளை எண்ணிவிடுவேன் என்று.

பதினொரு மணியளவில் தொலைபேசி அடித்தது.

"போயிருச்சு அண்ணே," என்றார். பின்னால் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை குரல் என்று கேட்காமலிருக்கத் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். அந்தக் காது எனக்குச் சரியாகக் கேட்காது.

"நல்லது," என்றேன். "எத்தனை..." என்று தொடங்கிவிட்டேன்.

மறுபக்கத்தில் சத்தம் நின்றது.

"எத்தனை மணிக்குப் போனது?" என்று கேட்டேன்.

"பத்தே காலுக்கு," என்றார்.